ஒசர வண்டியும் ஒதைக்கிற மாடும்

உத்திரமேரூர் சுத்துப்பட்டுல, தார் ரோட்லயும் ஓடும் ஏரிக்கரையிலயும் ஏறும்னு சொல்றாங்களே, அந்த ஒசர வண்டிய மொதல்ல வாங்கி ஓட்டினவன் நான்தான்.

பொய். எனக்கு முன்னாடியே நாலு பேரு ஓட்டிட்டாங்க. அதுல ஒருத்தன் காலேஜ் பையன், போன் பேசிக்கினே ஓட்டறான். நான் மொதல்ல செஞ்சது இன்னான்னா, அந்த வண்டியில நின்ன எடத்துலயே வுயுந்தது. அதுல இன்னிக்கு வரைக்கும் எனக்குப் போட்டி கெடையாது.

போன வாரம் என் கல்யாணப் பந்தியில எனக்கே எல கெடைக்காத கதைய சொன்னேன். அத்த படிச்சிட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு பேரு என்னப் பாத்து சிரிச்சாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் போன்ல பேசி அனுப்பறேன், பத்திரிகையில ஒரு தம்பி குந்திக்கினு எயுதறாரு. அவரு இன்னா எயுதினாரோ, ஏன் சிரிச்சாங்களோ, எனக்குத் தெரியல. நானும் சேந்து சிரிச்சிட்டேன்.

சரி, வண்டிக்கு வர்றேன்.

ஐயங்கார்குளத்துல ஒரு வாத்தியார் வூட்டு வாசல். அறுப்பு முடிஞ்ச நேரம். சாய்ங்கால வெயிலு கொளத்துத் தண்ணி மேல மஞ்சளா படுத்துக்கினு கீது. காத்துல வைக்கோல் வாசன. வாசல்ல பாதி கலைஞ்ச கோலம், அது பக்கத்துல அந்த வண்டி. பாக்கறதுக்கு வெட்டுக்கிளி மாரி. காலு நீட்டு, இடுப்பு சின்னது, மொகத்துக்கு முன்னால ஒரு மூக்கு. சைலன்சரு கீய இல்ல. சேத்துல எறங்கற பொம்பள பொடவைய தூக்கிச் சொருவின மாரி பின்னால மேல ஏத்தி வெச்சிக்கீது.

நான் நேரா போயி எஞ்சின் மேல கைய வெச்சேன்.

"என்ன பண்றேள்?"னு வாத்தியார் கேட்டாரு.

"மடி தொட்டுப் பாக்கறேன் சார்"னேன்.

வாத்தியார் கண்ணாடிய கயட்டித் தொடைச்சி மாட்டிக்கினாரு. கணக்கு வாத்தியாராம். பதில்ல ஏதோ தப்பு கீதுன்னு தெரிஞ்சிடுச்சி, எங்கன்னு தெரியல.

மடி பாக்கறவன்

நான் மாட்டுத் தரகன். பேரு ஏழுமலை. பேருலதான் ஏழு மல, ஆளு ஒரு மேட்டு ஒசரம் கூட இல்ல. பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாஸ் வரைக்கும். ஒரு நாள் டீச்சர் 'வெளிய போயி நில்லு'ன்னாங்க. இன்னும் உள்ள கூப்பிடல.

மாடு விக்கறவங்க ஒரு வேல செய்வாங்க. ஆளு பாக்க வர்றதுக்கு மொத நாளு ராத்திரி கறக்காம வுட்டுடுவாங்க. காலையில மடி பூசணிக்கா மாரி நிக்கும். பாக்கறவன் ஏமாந்துடுவான். நான் ஏமாற மாட்டேன், தொட்டுப் பாப்பேன். கல்லு மாரி, சுர்ருன்னு சூடா இருந்துச்சின்னா, 'அப்பால வர்றேங்க'ன்னு செருப்ப மாட்டிக்குவேன்.

அதுக்கப்பறம் ரெண்டு கறவை பாக்கணும். சாய்ங்காலம் ஒண்ணு, மறுநாள் காலையில ஒண்ணு. ரெண்டுலயும் பாலு சரியா இருந்தாத்தான் பேச்சு.

பேச்சு முடிஞ்சா கயிறு. வாங்கறவரு தோள்ல கீற துண்ட ரெண்டு கையிலயும் விரிச்சி, கெயக்கப் பாத்து நிப்பாரு. வித்தவரு அது மேல கயித்த வெப்பாரு. வெறுங்கையில வாங்க மாட்டாங்க. கயிறு துண்டு மேல பட்டுச்சின்னா முடிஞ்சிது. அந்த மாடு ஒதைச்சாலும் அவருதுதான், ஓடினாலும் அவருதுதான். திருப்பி எடுத்துக்கோன்னு என்கிட்ட வரக்கூடாது. இருவது வருசத்துக்கு மேல இந்த ஒரு பேச்சுலதான் என் பொயப்பு நடக்குது. எனக்குன்னு நெலம் இல்ல, கடை இல்ல. 'ஏயுமலை கைபட்ட கயிறு திரும்பாது'ன்னு ஒரு பேரு கீது. அதுதான் சொத்து.

எந்த வண்டி

என் பழைய மொபெட்டு போன மழைக்கு கால்வாயில எறங்கி, ஏற மாட்டேன்னு சொல்லிடுச்சி. என் வேலைக்கு தார் ரோடு பாதி, ரோடே இல்லாதது மீதி. உத்திரமேரூர்ல இருந்து பாலாத்துப் பாலம் தாண்டற வரைக்கும் பேஜாரு இல்ல. அதுக்கப்பறம் வண்டிப்பாட்டை, ஏரிக்கரை, வரப்பு, சில எடத்துல வெறும் நம்பிக்கைதான்.

பஸ் ஸ்டாண்டு பின்னால மெக்கானிக் பாஷா பாய் கடை. அவருகிட்ட யோசன கேட்டேன்.

"ஸ்கூட்டர் எடுத்துக்கட்டுமா பாய்? முன்னால புண்ணாக்கு மூட்ட வெச்சிக்கலாம்."

"வெச்சிக்கலாம் நைனா. மொத வரப்புலயே அதோட வயிறு தட்டும். அப்பறம் மூட்டைய நீ தூக்கிக்கினு நடக்கலாம்."

"அந்த டுப்பு டுப்புன்னு போற பெரிய வண்டி?"

"சேத்துல சாஞ்சா தூக்கறதுக்கு நாலு ஆளு வேணும். நாலு பேர பின்னால ஏத்திக்கினு போவியா?"

"எல்லாரும் வெச்சிக்கீற சின்ன வண்டி?"

"அது நல்ல வண்டி. ரோட்டுக்கு. சைலன்சருக்குள்ள தண்ணி போச்சின்னா தவளைதான் ஓட்டணும்."

அப்பறம் அவரே சொன்னாரு. ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவா சின்ன வண்டி ஒண்ணு வருது. எடை கம்மி. முன் சக்கரம் பெருசு, பள்ளத்துல எறங்கினாலும் ஏறிக்கும். டயருல பட்டன் பட்டனா கட்டை கீது, சேத்த கவ்வும், தார் ரோட்லயும் வழுக்காது. புதுசு நமக்கு எட்டாது, பழசா பாருன்னாரு. எப்படிப் பாக்கணும்னும் சொல்லிக் குடுத்தாரு.

"போன ஒடனே எஞ்சின தொட்டுப் பாரு. சூடா இருந்தா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிக்கீறான்னு அர்த்தம். காலையில எயுந்துக்காத வண்டி அது. அப்பால செயின் சக்கரத்துல பல்லு பாரு. மொட்டையா இருந்தா வயசு கம்மி. முள்ளு மாரி கூரா இருந்தா கெயவன். முன் சக்கரத்த தாங்கற காலு ரெண்டையும் தொடச்சிப் பாரு, எண்ணெ கசியக் கூடாது."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. மடி, பல்லு, காலு. இத்தத்தான நான் தெனமும் பாக்கறேன்!

"எல்லாம் சரி நைனா. ஆனா ஒண்ணு..."ன்னு பாய் ஏதோ ஆரம்பிச்சாரு. நான் கேக்கல, கெளம்பிட்டேன். எல்லாம் தெரிஞ்சவன் மாரி நடந்துக்கறதுல நான் பெரிய ஆளு.

வூட்ல என் சம்சாரம் கஸ்தூரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சி. "நான் பொடவ கட்டிக்கினு ஒரு பக்கமா குந்தணும். கால் வெக்க பலக கீதா, பொடவ சக்கரத்துல சிக்காம கம்பி கீதா?"

"அது காட்டுல போற வண்டி கஸ்தூரி."

"அப்ப நீ காட்டுலயே இரு."

சாவி

மறுபடியும் வாத்தியார் வாசலுக்கு வாங்க.

எஞ்சின் பானத் தண்ணி மாரி சில்லுன்னு கீது. பல்லு மொட்ட. முன் காலுல ஒரு சொட்டு எண்ணெ இல்ல. ஹேண்டில புடிச்சி முன்பக்கத்த ஒரு தடவ அமுக்கினேன், தூங்கின கொயந்த கண்ண தொறக்கற மாரி நெதானமா எயுந்துச்சி. மாட்டுத் தோல்ல பாக்கற மாரி, சுத்தி வந்து சுயி கூட பாத்தேன். வண்டிக்கு சுயி கெடையாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் பாத்தேன்.

"ஏன் சார் விக்கறீங்க?"

"இமயமலைக்குப் போகணும்னு வாங்கினேன்"னாரு வாத்தியார். "தாமல் ஏரி வரைக்கும் போயிருக்கேன். அதுக்கே முதுகு போயிடுத்து."

இவ்ளோ நெசம் பேசற ஆள நான் என் தொயில்ல பாத்ததில்ல. கொஞ்சம் பயமாவே இருந்துச்சி.

"சார், எனக்கு ரெண்டு கறவை வேணும்"னேன்.

கண்ணாடி மறுபடியும் கயண்டுச்சி. நான் வெளக்கினேன். இன்னிக்கு சாய்ங்காலம் ஒரு தடவ ஓட்டிப் பாப்பேன், நாளைக்கு காலையில ஒரு தடவ. அப்பறம் சொல்றேன். அவரு தாராளமா ஒத்துக்கினு சாவிய நீட்டினாரு.

அங்கதான் நடந்துச்சி. என் கைக்கு மூள இல்ல, பயக்கம் மட்டும்தான் கீது. நான் நெனைக்கறதுக்குள்ள தோள்ல கீற துண்டு எறங்கிடுச்சி, ரெண்டு கையிலயும் விரிஞ்சிடுச்சி, காலு தானா கெயக்கால திரும்பிடுச்சி. வாத்தியார் பாவம், ஏதோ மரியாத போலன்னு நெனச்சி சாவிய துண்டு மேல வெச்சிட்டாரு.

"ஆச்சு!"ன்னு பின்னால ஒரு கொரலு.

திரும்பினேன். பால் தூக்கோட மங்கைம்மா நிக்கறாங்க.

மங்கைம்மா

இந்தம்மா யாருன்னு சொல்லிடறேன். அதே ஊரு, வெவசாயக் குடும்பம். வாத்தியார் வூட்டுக்கு ரெண்டு வேளையும் பாலு ஊத்தறவங்க. போன மழைக்கு முன்னாடி நான்தான் அவங்களுக்கு ஒரு செவல மாடு முடிச்சிக் குடுத்தேன். விக்கறவரு வூட்டுக்கே இட்டுக்கினு போனேன், ரெண்டு கறவையும் அவங்க கண்ணு முன்னாலயே அந்தாளு கறந்து காட்டினாரு. மாடு செல மாரி நின்னுச்சி. கயிறு கைமாறிச்சி.

மூணாம் நாளு என்னத் தேடிக்கினு வந்தாங்க. "தரகரே, மாடு ஒதைக்குது. கிட்ட குந்தினாலே சொம்பு பறக்குது. திருப்பி எடுத்துக்க."

"மங்கைம்மா, கயிறு கைமாறினா பேச்சு இல்ல"ன்னு சொல்லிட்டேன். அன்னியில இருந்து மாட்டோட பின்னங்கால கட்டிப் போட்டு, கெடைச்ச வரைக்கும் கறந்துக்கினு கீறாங்க. அந்த மாட்டு வருமானத்துலதான் அவங்க வூடு ஓடுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

அந்தம்மாதான் இப்ப தூக்க கீய வெச்சிட்டு, முந்தானைய இடுப்புல சொருவிக்கினு நிக்கறாங்க.

"ரெண்டு கறவை பாத்துட்டுத்தான் கயிறு வாங்கணும்னு எனக்கு பாடம் நடத்தின. நீ ஒரு கறவை கூட பாக்காம வாங்கிக்கினியே தரகரே!"

"இது சாவிம்மா. கயிறு இல்ல."

"துண்டுல வாங்கினியா இல்லியா?"

"வாங்கினேன்."

"கெயக்க பாத்தியா?"

"...பாத்தேன்."

"அப்பறம் இன்னா? வண்டி ஒன்னுது."

வாத்தியாருக்கு ஒண்ணும் புரியல. "ஓட்டிப் பாருங்கோ, பிடிக்கலைன்னா குடுத்துடுங்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னாரு.

அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மங்கைம்மா சொல்லுவாங்க. நான் இந்தச் சாவிய திருப்பிக் குடுத்தேன்னா, அடுத்த நிமிசமே செவல மாடு என் வாசல்ல நிக்கும். அதுக்குப் பின்னால இந்தாண்ட தாமல் வரைக்கும் அந்தாண்ட உத்திரமேரூர் வரைக்கும் நான் முடிச்ச அத்தினி மாடும் வரிசையா நிக்கும்.

மொத கறவை

வாத்தியார் வூட்டுப் படி மேல நின்னு ஏறிக்கினேன். அப்பக்கூட எனக்கு ஒறைக்கல. படி ஏன் தேவப்பட்டுச்சின்னு ஒரு மனுசன் யோசிக்க வேணாமா?

தார் ரோட்ல போனேன். அந்தக் கட்டை டயரு ஊம்னு ஒரு பாட்டு பாடுது. பள்ளத்துல வுட்டேன், முதுகுக்கு சேதியே போவல. கொளத்துக் கரையில ஏத்தினேன். அம்மாடி! ஆடு ஏறற மாரி ஏறுது. வேலிக்கு அந்தாண்ட கீறதெல்லாம் தெரியுது. பொறந்ததுல இருந்து எல்லாரையும் நான் நிமிந்துதான் பாத்துக்கினு கீறேன், அன்னிக்குத்தான் ஒரு பனமரத்த கொஞ்சம் சமமா பாத்தேன்.

அப்ப வாத்து வந்துச்சி.

அறுப்பு முடிஞ்ச வயலுக்கு வாத்து மேய்க்க வருவாங்க இல்ல, அந்தக் கூட்டம். கரைய குறுக்கால கடக்குது. முன்னால போற வாத்து என்னப் பாத்துச்சி, நின்னுச்சி. மொத்தமும் நின்னுடுச்சி. நான் பிரேக்க புடிச்சேன். வண்டி அயகா நின்னுச்சி. நான் காலை ஊனினேன்.

தரை இல்ல.

தரை கீது, ஆனா அது என் காலுக்கு வர்ற எடத்துல இல்ல. சரி, அந்தப் பக்கம் ஊனலாம்னு பாத்தேன். அங்கயும் இல்ல. நடுவுல ஒரு நொடி நானும் வண்டியும் யாருமே புடிக்காம நின்னோம். அப்பறம் மெதுவா, ரொம்ப மெதுவா, சாமி கும்புடற மாரி சாஞ்சோம். பாஷா பாய் 'ஆனா ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சது இன்னான்னு அப்பதான் புரிஞ்சிது.

காலு வண்டிக்கடியில. அடி படல, ஆனா எடுக்க முடியல. வாத்துங்க என்ன சுத்திக்கினு போச்சிங்க. ஒண்ணு என் துண்டு மேலயே மிதிச்சிக்கினு போச்சி.

வெறுந்தூக்க ஆட்டிக்கினு வூட்டுக்குப் போற மங்கைம்மா அந்த வழியாத்தான் வந்தாங்க. சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல. தூக்க கீய வெச்சாங்க, குனிஞ்சி ஹேண்டில புடிச்சாங்க, ஒரே மூச்சுல தூக்கி நிறுத்திட்டாங்க.

"ஒதைச்சிடுச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அவங்க கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். வண்டிய தூக்கினது இடது கையி. அப்பால தூக்க எடுத்தது இடது கையி. முந்தானைய இயுத்து விட்டது இடது கையி.

"மங்கைம்மா, நீங்க பீச்சாங்கைக்காரங்களா?"

"பொறந்ததுல இருந்து. ஏன்?"

"மாட்டுக்கு எந்தப் பக்கம் குந்திக் கறப்பீங்க?"

"எல்லாரும் குந்தறதுக்கு எதிர்ப் பக்கம். அப்பதான் என் கையி ஓடும்"னாங்க.

ரெண்டாவது கறவை

மறுநாள் காலையில பனி கலையல. வண்டிய ஓட்டிப் பாக்கறதுக்கு பதிலா, மங்கைம்மா மாட்டுக் கொட்டாய்க்குப் போயி நின்னேன். மாட்டுக் கால அவுத்து வுட்டுட்டு, அவங்க எப்பவும் குந்தற பக்கமே குந்தினாங்க. சொம்பு பறந்துச்சி. நான் எதிர்ப் பக்கம் போயி, மாட்ட வித்தவரு குந்தின மாரியே குந்தி காம்ப தொட்டேன். செவல அசை போட்டுக்கினு செல மாரி நின்னுச்சி.

மாட்டு மேல தப்பு இல்ல. அந்தம்மா மேலயும் தப்பு இல்ல. மடி பாத்தேன், பல்லு பாத்தேன், வாலு பாத்தேன், யாரு கறக்கப் போறாங்கன்னு பாக்கல. வண்டியிலயும் அதேதான். எஞ்சின் பாத்தேன், செயின் பாத்தேன், சீட்டு என் தொப்புளுக்கு மேல கீதே, அத்தப் பாக்கல.

"அப்ப மாட்ட எடுத்துக்கறியா?"ன்னாங்க.

"கயிறு கைமாறினா"ன்னு ஆரம்பிச்சேன். பாதியிலயே வுட்டுட்டேன்.

செவலய ஒரு தடவ தட்டிக் குடுத்துட்டு சொன்னேன். "வண்டியும் என்னுது, மாடும் உங்குளுது. நான் எதையும் திருப்ப மாட்டேன். ஆனா நான் முடிச்ச மாடு உங்க கைக்கு நிக்கணும். பயக்கித் தர்றேன். எத்தினி நாளானாலும் சரி."

"தெனமுமா? உத்திரமேரூர்ல இருந்தா?"

"அதான் வண்டி கீதே."

"நீ வுயாம வர்றதே பெரிசு."

அன்னிக்கே வாத்தியார் கேட்ட காச எண்ணிக் குடுத்தேன், பாஷா பாய் சீட்டுப் பஞ்ச செதுக்கி, பின்னால கொஞ்சம் கீய எறக்கிக் குடுத்தாரு. ரொம்ப எறக்கினா வண்டியோட கொணமே போயிடும்னாரு. இப்ப ஒரு காலோட கட்ட வெரலு தரையத் தொடுது. இன்னொரு காலு அத்தப் பாத்து பொறாமப்படுது. நிறுத்தணும்னா ஒரு கல்லோ மதகோ வேணும். பாலாத்துப் பாலத்துல இருந்து ஐயங்கார்குளம் வரைக்கும் எந்தக் கல்லு எவ்ளோ ஒசரம்னு என்னக் கேளுங்க, சொல்றேன். பின்னால கஸ்தூரிக்குப் பலகையும் அடிச்சாச்சி. அது இன்னும் ஏறல. நான் நிறுத்தக் கத்துக்கினப்பறம் ஏறுதாம்.

இப்ப நான் பேசறதே மங்கைம்மா கொட்டாய் ஓரத்துலதான். பக்கத்துல சாணி அள்ளற சத்தம் கேக்குதா தம்பி? தெனமும் விடியறதுக்குள்ள வந்துடறேன். மொதல்ல நான் பழைய பக்கம் குந்தி ரெண்டு இயுப்பு இயுப்பேன், அவங்க இந்தாண்ட சும்மா குந்திக்கினு மாட்டு மேல கைய வெச்சிக்கினு இருப்பாங்க. அப்பறம் ஒரு காம்பு அவங்க, ஒரு காம்பு நான். இது வரைக்கும் மூணு சொம்பு ஒடுங்கிடுச்சி. என் மொயங்கால் ஒண்ணும் அதே மாரிதான். வாத்தியார் தெனமும் வேலி மேல எட்டிப் பாத்துட்டு, 'இன்னிக்கு எத்தனாவது கறவை?'ன்னு கேட்டுட்டு ஸ்கூலுக்குப் போறாரு. இன்னிக்கு நானு குந்தவேணாம், தனியா பாக்கறேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அதான் வெளிய வந்து போன எடுத்தேன். நேத்து பாஷா பாய் கூட சொன்னாரு, நைனா, நீ வண்டிய பயக்கினியா, வண்டி ஒன்ன பயக்கிச்சான்னு. அதுக்கு நான் சொன்னேன், பாய், நேத்து அந்த மதகாண்ட ஒரு லாரிக்காரன்...

"யோவ் தரகரே! போன வெய்யி!"

இருப்பா தம்பி, உள்ள இருந்து கூப்பிடறாங்க.

"இன்னாம்மா, ஒதைச்சிடுச்சா?"

"கத்தாத, மெதுவா வா. இந்தச் சொம்பு ரொம்பிடுச்சி. இன்னொண்ணு எடுத்துக்கினு வா!"